இந்த வருஷம் பூ வேண்டாம்

சின்னவளுக்கு நாற்பத்தொன்பது வயது. தலையில் பாதி நரைத்துவிட்டது. மகன் வெளியூரில் வேலைக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. வலது முழங்கால் மாடிப்படியைக் கண்டாலே முரண்டு பிடிக்கிறது. ஆனாலும் அவள் சின்னவள்தான். வீட்டில் இரண்டே பெண்கள். முதலில் வந்தவள் பெரியவள், ஐந்து வருஷம் கழித்து வந்தவள் சின்னவள். பேர் வைத்து எழுதிய சான்றிதழ் எங்கோ ஒரு பெட்டிக்குள் இருக்கிறது, அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. அறுபது வயதானாலும் அந்தப் பட்டத்திலிருந்து அவளுக்கு ஓய்வு கிடைக்கப் போவதில்லை.

வேலை கண்ணாடிக் கடையில். மூக்குக்கண்ணாடி விற்கிற கடை. நீளமான, ஒடுக்கமான கடை அது. இரண்டு பக்கச் சுவரிலும் பிரேம்கள், நடுவில் ஒரு மேசை, மேசை மேல் சாய்த்து வைத்த வட்டக் கண்ணாடி. பின்னால் திரை போட்ட சின்ன அறையில் லென்ஸ் தேய்க்கிற மிஷின் இருக்கிறது. அது ஓடும்போது தண்ணீர் சொட்டும், பல் கூசுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். சின்னவளுக்கு அந்தச் சத்தம் பழகி இருபத்திரண்டு வருஷமாகிவிட்டது. அது நின்றால்தான் என்னமோ ஏதோ என்று திரும்பிப் பார்ப்பாள்.

லென்ஸ் தேய்ப்பது, பிரேமுக்குள் பொருத்துவது, கால் கோணினால் சூடு காட்டி நிமிர்த்துவது எல்லாம் அவள் வேலை. ஆனால் முதலாளி அவளைக் கையில் வைத்துத் தாங்குவது வேறொரு காரணத்துக்காக. யாருக்கு எந்த பிரேம் என்பதை அவள் கண்டுபிடித்துவிடுவாள். வருகிறவர்கள் வாயால் என்னென்னவோ சொல்வார்கள். "சும்மா சாதாரணமா இருந்தா போதும்," என்பார்கள். அவள் வாயைக் கவனிக்கவே மாட்டாள், கையைப் பார்ப்பாள். எந்த பிரேமைக் கீழே வைத்துவிட்டு, நாலைந்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, மறுபடியும் தெரியாமல் தொடுகிறார்களோ அதை எடுத்து முன்னால் வைத்துவிடுவாள். பில் போடுகிற வேலைதான் பாக்கி.

இப்படி ஊரில் உள்ளவர் மூஞ்சிக்கெல்லாம் எது எடுக்கும் என்று சொல்கிறவள், தனக்கு என்ன எடுக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அதை அவளுக்குப் புரியவைத்தது ஒரு போட்டோ.

வருஷத்தின் கடைசி வேலைநாளில் முதலாளி எல்லோரையும் கடை வாசலில் நிறுத்தி ஒரு போட்டோ எடுக்க வைப்பார். எல்லோரும் என்றால் மூன்றே பேர்: முதலாளி, கண் பரிசோதிக்கிற டாக்டர், சின்னவள். அதை அச்சுப் போட்டுப் பின்னறைச் சுவரில் ஒட்டவேண்டியது சின்னவள் பொறுப்பு. அந்த வருஷம் பன்னிரண்டாவது போட்டோ. புது வருஷம் பிறந்ததும் முக்காலியில் ஏறி ஒட்டிவிட்டு, கோணலாக இருக்கிறதா என்று இரண்டடி பின்னால் வந்து பார்த்தாள். பன்னிரண்டு போட்டோவையும் சேர்த்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

'அக்கா எப்ப நம்ம கடைக்கு வேலைக்கு வந்தா?'

ஒரு நிமிஷம் நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது. பன்னிரண்டு படத்திலும் முதலாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் பெரியவள் நின்றுகொண்டிருந்தாள். தட்டுத் தட்டாகச் சூரியகாந்தி, ஊதாவில் வெள்ளைப் பூ, மஞ்சளில் சிவப்புப் பூ, கொடியோடு படர்ந்த நீலப் பூ. அந்தச் சட்டைகளுக்கு மேலே மெலிந்த ஒரு முகம், ஏதோ போனால் போகிறது என்று ஒட்டிவைத்தது போல இருந்தது. அது தன் முகம் என்று தெரிந்தபோது சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது.

சட்டைகள் எல்லாம் பெரியவளுடையவை. வருஷத்துக்கு இரண்டு தடவை, ஆறாம் மாசத்தில் ஒன்றும் பன்னிரண்டாம் மாசத்தில் ஒன்றுமாக, பெரியவள் ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வருவாள். உள்ளே இரண்டோ மூன்றோ மேல்சட்டைகள், துவைத்துத் தேய்த்து மடித்தவை. கொடுக்கும்போது சொல்கிற வசனமும் மாறாது. "எனக்கு இறுக்கமாயிடுச்சுடி. நான் பெருத்துக்கிட்டே போறேன். நீ போட்டுக்க." சின்னவளுக்கு அவை அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். தையல் பிரிக்கவும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம். அதில் யோசிக்க என்ன இருக்கிறது? அக்கா குண்டு, தங்கை ஒல்லி, அக்காவுக்குப் பத்தாமல் போனது தங்கைக்குப் பொருந்துகிறது. கூடவே அக்காவுக்குப் பூ என்றால் உயிர். அவ்வளவுதான் கதை என்று சின்னவள் இருந்துவிட்டாள்.

புகார் சொல்லவும் அவளுக்கு வாய் வராது. அப்பா படுத்த படுக்கையானபோது பெரியவளுக்குப் பதினேழு வயது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிற வேலைக்குப் போனாள். சின்னவள் பள்ளியை முடித்ததும், லென்ஸ் தொழில் படித்ததும், கல்யாணம் ஆனதும் எல்லாம் அந்தப் பிஸ்கட்டில்தான். பெரியவள் தனக்கென்று ஒரு கல்யாணப் பேச்சை எடுக்கவும் இல்லை, மற்றவர்களை எடுக்க விடவும் இல்லை. இன்றைக்கும் அதே தொழிற்சாலையில் முப்பது பேரை மேய்க்கிறாள். அப்படிப்பட்டவள் கொடுக்கிற சட்டையைப் போய், பூ பெரிதாக இருக்கிறது என்று குறை சொல்ல முடியுமா?

முடியாதுதான். ஆனால் போட்டோவைப் பார்த்துவிட்டாளே.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். கடையில் கண் பவர் குறித்துக் கொடுக்கிற அட்டையில் ஒன்றைத் திருப்பிப்போட்டு, அதன் பின்பக்கத்தில் எழுதினாள்: 'இந்த வருஷம் பூ வேண்டாம்.' அடுத்து என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எது வேண்டாம் என்று தெரிந்தது, எது வேண்டும் என்று தெரியவில்லை. நாற்பத்தொன்பது வருஷம் உடம்பை வைத்துக்கொண்டிருக்கிறோம், அதற்கு என்ன பிடிக்கும் என்று கேட்டதே இல்லையே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. கடைசியில், 'மாசம் ஒன்று, புதுசாகப் போட்டுப் பார்ப்பது. எதைக் கை மறுபடி எடுக்கிறதோ அதுதான் நம்முடையது' என்று எழுதினாள். தொழில் புத்தி எங்கே போகும்.

அவள் வீட்டுக்காரர் லிப்ட் பழுது பார்க்கிறவர். கம்பெனி கொடுத்த நீல உடுப்பைத் தவிர மற்ற துணியெல்லாம் அவருக்கு விருந்தாளி. அட்டையை எடுத்துப் படித்துவிட்டு, "அப்ப நடமாடும் பூக்கடைய மூடப்போற," என்றார்.

"கிண்டல் பண்ணாதீங்க. அக்காகிட்ட மூச்சுவிடக் கூடாது."

"நான் எங்க விடப்போறேன்? ஆனா உங்கக்கா என்ன, குருடா? ரெண்டு ஞாயித்துக்கெழமைக்கு ஒரு தடவ சாப்பிட வர்றாங்க."

"ஞாயித்துக்கெழம பூப் போட்டுக்குவேன்."

அவர் அட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். பேசி ஜெயித்த அனுபவம் அவருக்கு இல்லை.

முதல் மாசம் கறுப்பு. மேலும் கறுப்பு, கீழும் கறுப்பு. கண்ணாடியில் பார்த்தபோது பெரிய அதிகாரி மாதிரிதான் இருந்தது. கடைக்குப் போனால், வாடிக்கையாக வருகிற ஒரு வாத்தியார் அவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாரும்மா? நெருங்கின சொந்தமா?" என்று கேட்டார். இல்லை சார், சும்மாதான் என்றால் அவர் நம்பவில்லை. அடுத்த வாரம் பழம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பழத்தைத் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை, துக்கம் காக்கவும் முடியவில்லை. கறுப்பு அந்த மாசத்தோடு ஓய்ந்தது.

இரண்டாம் மாசம், காற்றில் படபடக்கிற அகலமான பேண்ட். நடக்கும்போது ராணி மாதிரி இருந்தது, உட்காரும்போதுதான் வினை. கடையில் அவள் உட்காருவது சக்கரம் வைத்த நாற்காலியில். பேண்டின் ஒரு கால் சக்கரத்துக்குள் சுற்றிக்கொண்டது, அது தெரியாமல் அவள் எழுந்தாள், நாற்காலியும் கூடவே எழுந்தது. கண் பார்க்க வந்து, எதிர்ச்சுவரில் எழுத்துப் படித்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் எழுத்தை விட்டுவிட்டு இதைப் படிக்க ஆரம்பித்தார். டாக்டர் அவருக்குத் தூரப்பார்வை நன்றாகவே இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் மாசம் காசு செலவில்லாமல் இருக்கட்டும் என்று வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டிய நாளில் அந்த மனிதர் அலமாரியைத் தலைகீழாகக் கவிழ்த்து அந்தச் சட்டையைத் தேடினார். வீட்டில் அவருக்கென்று இருந்தது அந்த ஒரே விருந்தாளிதான். அதைப் போட்டிருந்த இவள் மேலே ஒரு சால்வையைப் போர்த்தி, காலர் நுனியை மடித்து மறைத்துக்கொண்டு காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த மாசத்தில் ஒன்று கண்டுபிடித்தாள். பாக்கெட். ஆண்கள் சட்டையில் பாக்கெட் இருக்கிறது. குட்டி ஸ்குரூ டிரைவரையும் திருகாணிப் பொட்டலத்தையும் அதில் போட்டுக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் டிராயரைத் துழாவ வேண்டியதில்லை. இத்தனை வருஷமும் திருகாணியைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறாள்.

நாலாம் மாசம் கடைத்தெருவுக்குத் தனியாகப் போனாள். ஒரு துணிக்கடையில் ஒன்றரை மணி நேரம். விற்பனைப் பெண் இருபது சட்டையைப் பிரித்துப் போட்டாள். சின்னவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, சரி, இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்தபோது தன் கை ஒரு சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். செங்கல் நிறம். காலர் இல்லை, பூ இல்லை, கோடு இல்லை, புள்ளி இல்லை. இடுப்புக்குக் கீழே இறங்குகிற நீளம், இரண்டு பக்கமும் ஆழமான பாக்கெட். அதை அவள் மூன்று தடவை எடுத்து மூன்று தடவை கீழே வைத்திருந்தாள் என்று விற்பனைப் பெண் சொன்னாள்.

மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனபோது யாரும் துக்கம் விசாரிக்கவில்லை, யாரும் விழுந்து சிரிக்கவும் இல்லை. அதுவே அவளுக்குப் பெரிய பரிசாக இருந்தது. மத்தியானம் பின்னறையில் கை கழுவும்போது சுவர்க் கண்ணாடியைத் தற்செயலாகப் பார்த்தாள். 'அட, நான்தான்,' என்று நினைத்துக்கொண்டாள். சந்தோஷம் என்று அதைத்தான் சொல்லவேண்டும். அந்த வாரமே அதே தினுசில் இன்னும் இரண்டு வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பூ பூத்தது. பெரியவள் சாப்பிட வருவாள், சின்னவள் சூரியகாந்தியில் நின்று பரிமாறுவாள். பெரியவளும் ஒரு பூச்சட்டையைப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் நேராக, சாயாமல் உட்கார்ந்து சாப்பிடுவாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தால் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார். ஆறாம் மாசம் நெருங்க நெருங்கச் சின்னவள் காலண்டரைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். பை வரும். வாங்கிக்கொண்டால் பழையபடி பூக்கடை. வேண்டாம் என்றால், முப்பத்தேழு வருஷமாக நீ கொடுத்ததெல்லாம் எனக்குப் பிடிக்கவில்லை என்று அக்கா முகத்துக்கு நேரே சொன்னதாக ஆகிவிடும். அக்காவிடம் அதைச் சொல்வதற்குப் பதில் ஊரைவிட்டே ஓடிவிடலாம்.

ஐந்தாம் மாசக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, பெரியவள் கடைக்குள்ளேயே வந்து நின்றாள். தொழிற்சாலையில் பெட்டி இடித்து அவள் மூக்குக்கண்ணாடியின் கால் ஒடிந்துவிட்டது. கதவு மணி சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த சின்னவள், சட்டென்று ஆணியில் தொங்கிய வெள்ளைக் கோட்டை எடுத்து மாட்டிக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டாள். அது மிஷினில் வேலை பார்க்கும்போது மட்டும் போடுகிற கோட்டு. வெளியே வெயில் கொளுத்தியது. நெற்றியெல்லாம் வியர்க்க, அக்காவின் கண்ணாடியை வாங்கித் திருகாணி தேடினாள்.

"என்னடி, காய்ச்சலா? இப்படி வேர்க்குது?"

"இல்லக்கா. மிஷின் சூடு."

முதலாளி நல்ல மனிதர். நல்ல மனிதர்கள்தான் இந்த மாதிரி நேரத்தில் காரியத்தைக் கெடுப்பார்கள். "அக்கா வந்திருக்காங்க, கோட்டக் கழட்டும்மா," என்றார். பெரியவளிடம் திரும்பி, "உங்க தங்கச்சி இப்பல்லாம் ஆளே மாறிட்டாங்க. செங்கல் கலர்ல தெனமும் ஜம்முன்னு வர்றாங்க. அந்தப் பூவெல்லாம் எங்கயோ போயிடுச்சு," என்றார்.

கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று. சின்னவள் கோட்டைக் கழற்றினாள். பெரியவள் ஒடிந்த கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். கிட்டே வந்து பார்த்தாள்.

"புதுசா?"

"ஆமாக்கா."

"நீயே வாங்கினியா?"

"ஆமா."

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் பெரியவள். முகம் சுண்டிப்போயிருந்தது. கண்ணாடி தயாரானதும் மாட்டிக்கொண்டு, காப்பி வேண்டாம், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை. தொழிற்சாலையில் ஆள் இல்லையாம். அதற்கடுத்த முறையும் வரவில்லை, இடுப்பு வலியாம். போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. ஆறாம் மாசம் பிறந்து இரண்டு வாரமாகியும் பை வரவில்லை. சின்னவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு சட்டைக்கு ஆசைப்பட்டு அக்காவைத் தொலைத்துவிட்டோமே என்று மூலையில் உட்கார்ந்து அழுதாள். எழுதி வைத்த அட்டையைக் கிழித்துப்போடக் கையில் எடுத்தாள்.

"அதக் கிழிச்சு என்ன ஆகப்போகுது? நேராப் போய்ப் பாரு," என்றார் வீட்டுக்காரர். "போன் பண்ணாதே. பண்ணினா இடுப்பு வலின்னுதான் சொல்லுவாங்க."

சனிக்கிழமை காலையில் கிளம்பினாள். அலமாரியைத் திறந்து, இருப்பதிலேயே பெரிய பூவாகப் பார்த்து, மஞ்சளில் சிவப்புப் பூப்போட்ட சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். தோற்றுவிட்டேன், மன்னித்துவிடு என்று அதைவிடத் தெளிவாகச் சொல்ல அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. இரண்டு பஸ் மாறிப் போய், மூன்று மாடி ஏறி, முழங்காலைத் தடவிக்கொண்டு கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்தவளைப் பார்த்து ஒரு கணம் வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியது. பெரியவள் தொளதொளவென்று கருநீலத்தில் ஒரு சட்டை போட்டிருந்தாள். வெறும் நீலம். துவைத்துத் துவைத்து முழங்கையில் வெளுத்திருந்தது. தோள் தளர்ந்து, வயிறு தளர்ந்து, ஆளே நிம்மதியாக இருந்தாள்.

"நீயா? ஒரு போன் பண்ணிட்டு வரக் கூடாது?" என்று சொல்லிக்கொண்டே, கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுச் சட்டையை மறைத்தாள்.

"இது என்ன சட்டக்கா?"

"வீட்டுல போடுறது."

"எப்பலேருந்து?"

"எப்பவும்தான்." பெரியவள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீ ஏன் இதப் போட்டுட்டு வந்த? அந்தச் செங்கல் கலரு எங்க?"

"நீ கோவமா இருக்கேன்னு..."

"எனக்கு என்னடி கோவம்?" பெரியவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "எனக்கு வெக்கம். உனக்குப் பூன்னா உசுருன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். பாத்தா நீயா வாங்கினதுல ஒரு பூ இல்ல, ஒரு இல இல்ல. இத்தன வருஷமா பிடிக்காததயே உன் தலையில கட்டியிருக்கேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன் வீட்டுக்கு வர்றது?"

சின்னவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "எனக்கா? பூன்னா உசுரு உனக்குல்ல?"

"எனக்கா?" பெரியவள் அவளையே பார்த்தாள். "பூப்போட்ட சட்டையப் போட்டா எனக்கு மேலெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். வெளிய போறப்பதான் போடுவேன். வீட்டுக்குள்ள வந்ததும் மொத வேல அதக் கழட்டிப் போடுறதுதான்."

"பின்ன எதுக்கு அதயே வாங்கின?"

"உனக்குத்தான்."

"எனக்குன்னா என்கிட்ட குடுக்க வேண்டியதுதானே? நீ எதுக்குப் போட்ட?"

பெரியவள் இதென்ன கேள்வி என்பது போல நிமிர்ந்தாள். "நீதானே சொன்ன?"

சின்னவளுக்கு நினைவே இல்லை. பெரியவளுக்கு ஒரு வார்த்தை மறக்கவில்லை. முதல் சம்பளம் வாங்கிய அன்று அவள் ஒரு பூப்போட்ட சட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாளாம். பள்ளிவிட்டு வரும்போது சின்னவள் தினமும் ஒரு கடை ஜன்னலில் நின்று பார்த்த சட்டை அது. பன்னிரண்டு வயதுச் சின்னவள் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, நீ கிழிந்ததைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாய், எனக்கு எதற்குப் புதுசு என்று கத்தினாளாம். இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். நீ போட்டுப் பழசானால் கொடு, வாங்கிக்கொள்கிறேன், புதுசாகக் கொடுத்தால் தொடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாளாம்.

"அப்புறம் நான் என்ன பண்றது?" என்றாள் பெரியவள். "அதையே நான் போட்டேன். பத்தியும் பத்தாம இருந்துச்சு. ஆறு மாசம் போட்டு, நாலஞ்சு தடவ நல்லாத் தொவச்சு, இறுக்கமாயிடுச்சுன்னு சொல்லிக் குடுத்தேன். வாங்கிக்கிட்ட. சரி, இதான் வழின்னு விட்டுட்டேன். எப்பவும் உன் அளவுலதான் எடுப்பேன். மூச்சப் பிடிச்சுக்கிட்டு ஆறு மாசம் போட்டுட்டா பழசாயிடும்ல?"

சின்னவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். எழுபதுக்கு மேல் இருக்கும் அந்தப் பைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்காலியில் சாயாமல் நேராக உட்கார்ந்த அக்கா. பழக்கத்தில் உட்கார்ந்ததல்ல அது, சாய்ந்தால் பொத்தான் தெறித்துவிடும். தனக்கென்று யாரும் ஒரு புதுச்சட்டை எடுத்துக் கொடுத்ததில்லை என்று சின்னவள் எத்தனை பேரிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். குறையாகச் சொன்னதில்லை, உள்ளதைச் சொல்கிறோம் என்றுதான் சொன்னாள். அத்தனையும் அவளுக்காகவே எடுத்த புதுச்சட்டைகள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, கூடவே ஆத்திரமும் வந்தது.

"பைத்தியக்காரி. ஒரு பன்னெண்டு வயசுப் பொண்ணு பேச்சக் கேட்டுக்கிட்டு முப்பத்தேழு வருஷம் யாராவது மூச்சப் பிடிச்சுக்கிட்டு இருப்பாங்களா?"

"நீ அப்பறம் வேற மாதிரி சொல்லவே இல்லியேடி," என்றாள் பெரியவள். அவள் குரலில் குற்றம் இல்லை. சொல்லிவிட்டு அவளே சிரிக்க ஆரம்பித்தாள். சின்னவளும் சிரித்தாள். இரண்டு பேரும் பிடிக்காத பூவை ஒருத்தி மேல் ஒருத்தி போட்டுக்கொண்டு, பாதி ஆயுசை ஓட்டியிருக்கிறார்கள். வயிறு வலிக்கிறவரை சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கட்டிலில் பெரியவளுக்குப் பின்னால் அந்தத் துணிப்பை இருந்தது. சின்னவள் அதைப் பார்த்ததும் பெரியவள் ஓரமாக நகர்த்தினாள்.

"அது வேணாம். பன்னெண்டாம் மாசம் குடுக்கிறதுக்கு எடுத்தது. இன்னும் போட ஆரம்பிக்கல. கடையில திருப்பிக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

"காட்டு."

வெள்ளைத் துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஆரஞ்சுப் பூக்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பச்சைக் கண். இதுவரை வந்ததிலேயே இதுதான் மோசம். கழுத்தில் கடைச்சீட்டு இன்னும் தொங்கியது. மடிப்புக்குள் காகித அட்டை இருந்தது.

"குடுக்கா."

"உனக்குத்தான் பூ வேணாமே."

"நீ போட வேணாம். அப்படியே குடு. நான் வாங்கிக்கிறேன்."

பெரியவள் உடனே கொடுக்கவில்லை. சட்டையை மடியில் வைத்து, கடைச்சீட்டைப் பல்லால் கடித்து அறுத்தாள். மடிப்பைக் கையால் நீவினாள். எழுந்து வந்து, தங்கையின் இரண்டு கையிலும் வைத்தாள். முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் செய்ய நினைத்ததைச் செய்துமுடித்துவிட்டாள். அடுப்பில் பாலை வைக்கிறேன் என்று உள்ளே போய், வெகுநேரம் வெளியே வரவில்லை.

அன்று சாயங்காலம் இருவரும் கடைத்தெருவுக்குப் போனார்கள். பெரியவளுக்கு அவள் அளவிலேயே, மூச்சுவிட இடம் வைத்து, வெறும் நிறத்தில் இரண்டு சட்டை எடுத்தார்கள். நீலம்தான் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தவளின் கை ஒரு சாம்பல் நிறத்திடம் போய்ப் போய் வந்தது. வருஷத்தில் பாக்கி ஆறு மாசம் இருக்கிறது, இரண்டு பேருமாகப் போட்டுப் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். பெரியவள் அந்த அகலமான பேண்டைக் கேட்டிருக்கிறாள். நாற்காலி விஷயத்தைச் சின்னவள் அவளிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை சின்னவள் கடைக்குள் நுழைந்தபோது முதலாளி பில் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார். ஆரஞ்சுப் பூக்கள் அவர் கண்ணைக் கூசவைத்தன.

"என்னம்மா, மறுபடியும் பூவா? அக்காவோட பழசா?"

"இல்ல சார்," என்றாள் சின்னவள். இன்னும் கஞ்சி விறைப்புப் போகாத அந்தச் சட்டையின் முன்பக்கத்தைக் கையால் ஒருதரம் நீவிவிட்டுக்கொண்டாள். "புதுசு. அக்கா எனக்குன்னு எடுத்தது."